குவியலுக்கு ஐந்து வருடம் கொடுங்கள்

தேசிய முக்கியக் கனிமங்கள் இயக்கத்தை நடத்தும் சுரங்க அமைச்சக அதிகாரிகளுக்கும், அதன் முன்னோடித் திட்டங்களைப் பரிசீலிக்கும் நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

தமிழில் எழுதிய இந்த மடல் டெல்லியில் உங்கள் மேசை வரை வராமலே போகலாம். பரவாயில்லை. உங்களிடம் திட்டம் கொடுக்கப்போகிறவர்களிலும் அதை உட்கார்ந்து படித்து மதிப்பெண் போடுகிறவர்களிலும் தமிழ் படிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் நாலு பேர் படித்தாலும் எனக்குப் போதும்.

சுரங்க மேல்மண், ஆலைக்கழிவு, அனல்மின் நிலையச் சாம்பல், அலுமினியத் தொழிலின் சிவப்புச் சேறு ஆகியவற்றிலிருந்து கனிமங்களை மீட்கும் முன்னோடித் திட்டங்களுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். நல்ல காரியம். வரும் விண்ணப்பங்களில் சிலவற்றிலாவது 'உயிரிக் கரைப்பு' என்ற சொல் இருக்கும். பாக்டீரியாவைக் கொண்டு தாதுவைக் கரைத்து உலோகம் எடுப்பது. அந்த விண்ணப்பங்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கல்லூரியில் பல வருடம் நுண்ணுயிரியல் நடத்தியவன் நான். சுரங்கத்தில் வேலை பார்த்தவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தப் பாக்டீரியாவை வளர்த்திருக்கிறேன், வளர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

முழுப்பெயர் அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். நாங்கள் சுருக்கமாக 'ஃபெரோ' என்போம். இதற்கு இறைச்சிச் சாறும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த இரும்பு சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்கு வரும்வரை கந்தக அமிலம் விட்டு, அம்மோனியம், பாஸ்பேட் உப்புகளைக் கொஞ்சம் சேர்த்தால் சாப்பாடு தயார். சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரிலிருந்து சில சொட்டு விட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். வெளிர்பச்சைத் தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, கடைசியில் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும்.

ஒரு வருடம் ஒரு மாணவி மூன்று நாள் பார்த்துவிட்டு, நிறம் மாறவில்லை என்று குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். அதே நாளில் அதே தண்ணீர் விட்ட பக்கத்துக் குடுவை ஆறாம் நாள் சிவந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அதுவரை அவர் வளர்த்ததெல்லாம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் குடல் பாக்டீரியா. ஃபெரோ ஒருமுறை இரட்டிக்கவே பல மணி நேரம் ஆகும்; சில சமயம் அரை நாள்கூட.

நம் நாட்டில் ஆய்வுத் திட்டம் என்றால் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. நீங்களும் அந்தக் குடுவையைக் கழுவிவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

பத்திரிகைகள் 'உலோகம் தின்னும் பாக்டீரியா' என்று தலைப்புப் போடும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இது செம்பையோ தங்கத்தையோ தின்பதில்லை. இரும்பிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனிடம் கொடுத்து, நடுவில் கிடைக்கும் கொஞ்சம் ஆற்றலில் பிழைக்கிறது. உடம்பு வளர்க்கத் தேவையான கார்பனையும் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எலக்ட்ரானை இழந்த இரும்புக்குப் பசி அதிகம். அது பாறையிலுள்ள செம்பு சல்ஃபைடு, நிக்கல் சல்ஃபைடு (உலோகமும் கந்தகமும் சேர்ந்த தாதுக்கள்) மீது பாய்ந்து எலக்ட்ரானைப் பறிக்கும். பறித்த இடத்தில் சல்ஃபைடு உடைந்து உலோகம் கரைசலுக்கு வந்துவிடும். இரும்பு பழைய நிலைக்குத் திரும்பும். பாக்டீரியா அதைத் திரும்பப் பிடித்துப் பசியாக்கும். இந்தச் சுற்றுதான் மொத்த வித்தையும். அத்தனை புளிப்புள்ள தண்ணீரில், பாக்டீரியா இல்லாவிட்டால் இரும்பு இப்படி மாற வருடக்கணக்கில் ஆகும். ஃபெரோவும் கூடவே இருக்கும் வேறு சில பாக்டீரியாக்களும் உடைந்த கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கும்; புளிப்பு குறையாமல் இருப்பது அதனால்தான்.

கரைசலிலிருந்து செம்பை எடுப்பது பழைய கதை. துருசுத் தண்ணீரில் ஆணியைப் போட்டால் செம்பு படிவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறோம். 11-ஆம் நூற்றாண்டிலேயே சோங் அரச காலத்துச் சீனர்கள் மலையிலிருந்து வடியும் நீலத் தண்ணீரில் இரும்புத் தகடு போட்டுச் செம்பு எடுத்தார்கள். அந்தத் தண்ணீரில் செம்பு எப்படி வந்தது என்பது மட்டும் 1947 வரை புரியவில்லை. அந்த வருடம் கோல்மர், ஹிங்கிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடியும் புளித்த தண்ணீரைச் சோதித்தார்கள். அதில் இரும்பை மாற்றுவது ஓர் உயிர் என்று கண்டார்கள். அவர்கள் தேடிப் போனது உலோகம் எடுக்கும் வழியை இல்லை. ஆறுகள் ஏன் கெடுகின்றன என்ற காரணத்தை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

1958-இல் யூட்டாவின் பிங்ஹாம் செம்புச் சுரங்கத்தை வைத்திருந்த கென்னகாட் நிறுவனம் இந்தப் பாக்டீரியா வழிக்குக் காப்புரிமை வாங்கியது. சிலியின் லோ அகிர்ரேயில் 1980-இல் பாக்டீரியாவை நம்பியே ஒரு செம்புச் சுரங்கம் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பக்கத்தில் ஃபேர்வியூ தங்கச் சுரங்கத்தில் 1986 முதல் தொட்டிகளில் இந்த வேலை நடக்கிறது. அங்கே தங்கத் துகள்கள் ஆர்சனிக் கலந்த சல்ஃபைடுக்குள் சிறைப்பட்டிருக்கும். தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு உள்ளே போகாது. பாக்டீரியா முதலில் சுவரை உடைத்துக் கொடுக்கும், சயனைடு அப்புறம் வரும். நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நடராஜன் பல பத்தாண்டுகள் இந்தத் துறையிலேயே இருந்து ஒரு பரம்பரையையே உருவாக்கியவர். ஆக, 'இது நடக்குமா' என்ற கேள்வியில் நேரம் செலவழிக்க வேண்டாம். நடக்கும். எந்தப் பாறையில், எத்தனை நாளில், என்ன தண்ணீர்க் கணக்கில் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

உங்களுக்கு நேராகப் பொருந்துகிற கதை ஒன்று உகாண்டாவில் இருக்கிறது. கிலெம்பே செம்புச் சுரங்கம் 1956 முதல் 1982 வரை ஓடியது. செம்பை எடுத்தபின் மிஞ்சிய பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது), சுமார் 11 லட்சம் டன், கசேசே ஊரில் மலைபோலக் கிடந்தது. அதில் கோபால்ட் 1.4 சதவீதம் அளவுக்கு இருந்தது. மழை பெய்யப் பெய்ய அந்தக் குவியலில் பாக்டீரியா தானாக வேலை செய்து, புளித்த உலோகத் தண்ணீர் குயின் எலிசபெத் தேசியப் பூங்காவுக்குள் வழிந்தது. வழிந்த பாதையெல்லாம் புல் கருகிப்போனது. 1999-இல் அங்கே ஒரு ஆலை கட்டினார்கள். காட்டைக் கெடுத்துக்கொண்டிருந்த அதே வேலையைத் தொட்டிக்குள் வைத்துச் செய்யச் சொன்னார்கள். குவியல் கரைந்து தீரும்வரை கோபால்ட் எடுத்தார்கள். ஊருக்கு ஒரு நச்சுமலை குறைந்தது. கழிவிலிருந்து கனிமம் மீட்கும் திட்டம் என்றால் என் மனதில் இருக்கும் அளவுகோல் இதுதான்.

அடுத்தது பின்லாந்து. உங்கள் குழுவில் எல்லோரும் படித்திருக்க வேண்டிய கதை.

சோட்காமோ என்ற ஊருக்குப் பக்கத்தில் தல்விவாரா சுரங்கம். கரும்பாறையில் நிக்கல் 0.3 சதவீதத்துக்கும் கீழே. உலையில் போட்டால் விறகுக் காசுகூடத் தேறாது. அவர்கள் 2005-இல் 17,000 டன் பாறையைக் குவித்து, வெட்டவெளியிலேயே சோதனை செய்தார்கள். குளிர்காலத்தில் வெளியே உறைபனி, மைனஸ் 20, 30 என்று போகும். குவியலுக்குள்ளோ சல்ஃபைடு எரியும் சூட்டில் 50 டிகிரிக்கு மேல். அடியிலிருந்து குழாயில் காற்று ஊதி, மேலிருந்து புளித்த கரைசலைச் சொட்டவிட்டு, கீழே வடிந்ததையே திரும்ப மேலே ஏற்றினார்கள். நாம் பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போல, பழைய குவியலின் தண்ணீரைப் புதுக் குவியலுக்கு ஊற்றினால் போதும். 2008 அக்டோபரில் முதல் உலோகம் வெளியே வந்தது. பெரிய குவியல்களுக்கு அவர்கள் போட்ட கணக்கைக் கவனியுங்கள்: முதல் மேடையில் ஒன்றரை வருடம், பிறகு பெயர்த்து அடுக்கி இரண்டாம் மேடையில் மூன்றரை வருடம். மொத்தம் ஐந்து வருடம். தலைப்பில் உள்ள எண் அங்கிருந்து வந்ததுதான்.

பாக்டீரியா அங்கே ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர்தான் கவிழ்த்தது. எதிர்பார்த்ததைவிட மழை கூடியது. மிஞ்சிய தண்ணீரை ஜிப்சம் கழிவுக் குளத்தில் தேக்கினார்கள். அது அதற்காகக் கட்டிய குளம் இல்லை. 2012 நவம்பரில் குளம் கசிந்தது. நிக்கலும் யுரேனியமும் கலந்த தண்ணீர் வெளியே போனது. ஆமாம், யுரேனியமும். பாறையில் துளியாக இருந்த யுரேனியத்தையும் அமிலம் விடாமல் கரைத்து எடுத்து வந்துவிட்டது. நமக்கு வேண்டியதை மட்டும் கரை என்று அமிலத்திடம் சொல்ல முடியாது. 2014-இல் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் திவாலானது. அடுத்த வருடம் அரசே டெர்ராஃபேம் என்ற நிறுவனத்தின் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டிவந்தது. இன்று அதே குவியல்களிலிருந்து பேட்டரிக்கு நிக்கல் சல்பேட் போகிறது. யுரேனியத்தையும் தனியாகப் பிரித்து எடுக்கிறார்கள். பாக்டீரியா அன்றும் இதே பாக்டீரியாதான்.

பின்லாந்து நம் கணக்கில் மழை ஊரே இல்லை. ஒடிசாவில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், அதில் பெரும்பகுதி நாலு மாதத்தில் கொட்டும். விண்ணப்பத்தில் பாக்டீரியாவைப் பற்றி 40 பக்கமும் மழைத் தண்ணீரைப் பற்றி அரைப் பக்கமும் இருந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒடிசா என்றதும் சுகிந்தா ஞாபகத்துக்கு வரும். நாட்டின் குரோமைட்டில், அதாவது குரோமியத் தாதுவில், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருக்கும் பள்ளத்தாக்கு. குரோமைட்டை எடுக்க வெட்டித் தள்ளிய மேல்மண்ணில் நிக்கல் இருக்கிறது, 1 சதவீதத்துக்கும் கீழே. முதன்மைத் தாதுவிலிருந்து நிக்கல் எடுக்காத நாட்டுக்கு அது ஆசை காட்டும் குவியல்தான். புவனேஸ்வரத்தில் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. அது துருப்பிடித்த மண். சல்ஃபைடு கிடையாது. ஃபெரோவுக்கு அங்கே சாப்பாடே இல்லை. வெளியிலிருந்து கந்தகம் போட்டு வளர்க்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் கந்தகத்தைத் தின்று துருவை உடைக்கும் வழி ஒன்றும் இருக்கிறது, வேல்ஸில் பாங்கர் பல்கலைக்கழகத்தினர் அதில் நல்ல வேலை செய்தார்கள். இல்லாவிட்டால் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சையை வளர்த்து அது சுரக்கும் சிட்ரிக், ஆக்சாலிக் அமிலங்களில் கரைக்க வேண்டும். பூஞ்சை சும்மா வேலை செய்யாது, சர்க்கரை கேட்கும். லட்சக்கணக்கான டன் மண்ணுக்குச் சர்க்கரைப்பாகு ஊற்றுவது யார் வீட்டுப் பணத்தில்? விண்ணப்பம் எழுதுகிறவர் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். சுகிந்தாவில் ஏற்கெனவே தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு இருக்கிறது. 2007-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் அந்த ஊர் இருந்தது. அங்கே போய் இன்னொரு புளித்த குளம் வெட்டுவதற்கு முன் நாலு தடவை யோசிக்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்ட் செம்புச் சுரங்கத்தில் தரம் குறைந்த தாது குவிந்து கிடக்கிறது. அங்கே சல்ஃபைடு உண்டு. ஆனால் பெரும்பாலும் சால்கோபைரைட், செம்பும் இரும்பும் கலந்த சல்ஃபைடு. செம்புத் தாதுக்களில் அது பிடிவாதக்காரன். சாதாரணச் சூட்டில் பாக்டீரியா கொஞ்சம் கரைத்ததும் மேலே ஒரு ஏடு படிந்து வேலை படுத்துவிடும். 70 டிகிரிக்கு மேல் வாழும் சூடு விரும்பிகளை வைத்தால் கரையும். சிலியில் அதற்கென்றே ஒரு ஆலை கட்டிப் பார்த்தார்கள், வளர்ந்து பரவவில்லை. இதையெல்லாம் மறைத்து '90 சதவீதம் மீட்பு' என்று எழுதியிருந்தால் அது எந்தப் பாத்திரத்தில் என்று கேளுங்கள். மாவாக அரைத்த தாதுவில் ஒரு பிடியை ஒரு குடுவைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் 90 வரலாம். முஷ்டி அளவுக் கல்லை ஆறு மீட்டர் உயரம் குவித்துப் பாருங்கள், எண் மாறும்.

'எங்கள் பிரத்யேகப் பாக்டீரியா, எங்கள் காப்புரிமை பெற்ற கலவை' என்று வருகிறவர்களிடமும் கவனமாக இருங்கள். குவியல் என்பது மூடிய தொட்டி இல்லை. காற்றும் மழையும் மண்ணும் புழங்கும் இடம். வெளியூரிலிருந்து கொண்டுவந்து ஊற்றிய பாக்டீரியாவை அந்தச் சுரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவை சில மாதத்தில் ஓரம் கட்டிவிடும். சுரங்கத் தண்ணீரில் இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

தமிழில் செம்பைப் பற்றி எழுதிக்கொண்டு தூத்துக்குடியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2018 மே 22, 23 தேதிகளில் செம்பு உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த மாதமே ஆலையை மூட உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு 'புகையில்லாத செம்பு' என்று பாக்டீரியாவைக் காட்டுவது சிலருக்கு வசதியாக இருக்கும். புகை இருக்காது என்பது உண்மை. கந்தகம் எங்கே போகும்? புகைக்குப் பதில் தண்ணீரில் அமிலமாக நிற்கும். அதைச் சுண்ணாம்பு போட்டு முறிக்க வேண்டும். முறித்தால் ஜிப்சம் மலையாகும். தல்விவாராவில் கசிந்தது அந்த ஜிப்சம் குளம்தானே. அதனால் 'பசுமைத் தொழில்நுட்பம்' என்ற முத்திரையைக் குத்தி எந்த ஊர் மக்களிடமும் இதைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு தடவை ஏமாந்த ஊர் அடுத்த தடவை கேட்காது, கேட்கவும் வேண்டியதில்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள்.

100 கோடியைப் பத்துப் பதினைந்து ஆய்வகங்களுக்குக் குடுவை குலுக்கப் பிரித்துக் கொடுக்காதீர்கள். குடுவைக் கட்டுரைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. சல்ஃபைடு உள்ள ஒரே ஒரு கழிவுக் குவியலைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே மழைக்காலத்தில் சிவப்புத் தண்ணீர் வடிகிற குவியலாக இருந்தால் இன்னும் நல்லது, அங்கே பாக்டீரியா தன் விண்ணப்பத்தைத் தானே எழுதிவிட்டது. அடியில் கசியாத விரிப்பு போட்டு, சில ஆயிரம் டன்னை அடுக்கி, காற்றுக் குழாய் வைத்து, ஐந்து மழைக்காலம் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் இயக்கம் 2030-31 வரைதான் என்பது எனக்குத் தெரியும். குவியலுக்கு அது தெரியாது. இயக்கம் முடிந்தாலும் குவியலைப் பார்த்துக்கொள்ளப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் மின்சாரக் கட்டணம் கட்டாமல் பம்பு நின்றால்கூட, பாக்டீரியா நிற்காது. கரைப்பதைக் கரைத்துக்கொண்டே இருக்கும், வடிவதை ஏந்தத்தான் ஆள் இருக்காது. 1947-இல் அவர்கள் ஆற்றங்கரையில் கண்டது அதைத்தான்.

முதல் வருடம் உலோகம் சொல்லிக்கொள்கிற அளவுக்கு வராமல் போகலாம். அந்த வருட ஆய்வுக் கூட்டத்தில் திட்டத்தை மூடிவிடாதீர்கள். இரும்பு எவ்வளவு மாறியது, குவியலுக்குள் சூடு ஏறியதா, ஆக்சிஜன் அடிவரை போகிறதா என்று கேளுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் செம்போ நிக்கலோ பின்னால் வரும். இல்லையென்றால் எத்தனை வருடம் கொடுத்தும் பயனில்லை, அப்போது தாராளமாக மூடுங்கள்.

இன்னொன்று. வடியும் தண்ணீரின் புளிப்பும் அதிலுள்ள உலோகங்களும் எவ்வளவு என்று வாராவாரம் எழுதி, சுரங்க வாசலில் அந்த ஊர் மொழியில் பலகை வையுங்கள். நிக்கலை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடக் கூடாது. ஆர்சனிக்கும் யுரேனியமும் இருந்தால் அவையும் பலகையில் இருக்க வேண்டும். புவனேஸ்வரத்திலும் ஜாம்ஷெட்பூரிலும் உங்கள் சிறப்பு மையங்களில் இருப்பவர்களுக்கு இது அரை நாள் வேலை.

குவியல் அடுக்கும் நாள் முடிவானதும் செய்தி கொடுத்தால் என் செலவில் ரயிலேறி வந்துவிடுவேன். அன்று பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, வெறும் கல்தான் இருக்கும். அடுத்த வருடம் அதே நாளில் இன்னொரு தடவை வருவேன். அப்போது வடிகாலில் ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்